வளைவில் கிடந்த உளுந்து

வந்தவாசி சாலை வளைவில் அன்று பரப்பிக் கிடந்த உளுந்துச் செடி என்னுடையது. அதில் சறுக்கி விழுந்துதான் பால்காரருக்குக் கால் உடைந்தது. அது யாருடைய உளுந்து என்று பேரூராட்சிக் கூட்டத்தில் கேட்டபோது நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு நிற்கவில்லை. வேறு யாருடையதோ என்று எல்லோரும் நம்பும்படி ஒரு வாக்கியமும் பேசினேன். அந்த வாக்கியத்தால் காலனி மக்களுக்குக் கிடைக்கவிருந்த களம் கைவிட்டுப் போயிற்று. இந்தக் கதையை எங்கே ஆரம்பித்தாலும் இங்கே வந்துதான் நிற்கிறது. ஆகையால் இங்கேயே ஆரம்பிக்கிறேன்.

உத்திரமேரூர்ப் பேரூராட்சி பல வருஷம் தனி அலுவலர் கையில் இருந்தது. எண்பதுகளின் பின்பாதியில்தான் மறுபடி தேர்தல் வந்தது. நான் சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு ஊர் திரும்பி, நிலத்தையும் கடைத்தெருவில் ஒரு உரக்கடையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன். என் வார்டில் வந்தவாசி சாலையை ஒட்டிய தெருக்களும், மதகு தாண்டி இருந்த காலனியும் சேர்ந்திருந்தன. காலனி ஓட்டு இல்லாவிட்டால் நான் ஜெயித்திருக்க முடியாது. அங்கே போய் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தேன். சிமெண்ட் களம் கட்டித் தருகிறேன் என்றேன்.

அவர்களுக்குக் களம் இல்லை. புறம்போக்கில் அரசிடமிருந்து துண்டு துண்டாக நிலம் ஒப்படை வாங்கியிருந்தவர்கள் சிலர், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் சிலர். அறுத்ததைக் காயவைக்கத் தார்ச்சாலைதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. களம் உள்ளவர்களும் சாலையில் போடுவார்கள். கேழ்வரகுக் கதிரோ உளுந்துச் செடியோ கொள்ளோ, பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கும். மாடு கட்ட வேண்டாம், தடி எடுத்து அடிக்க வேண்டாம். சாயங்காலம் செடியை உதறி எடுத்துவிட்டு மணியைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு இடமும் பிரிந்திருந்தது. மதகிலிருந்து புளியமரம் வரை, அதாவது வளைவு முழுவதும், காலனிக்காரர்கள் போடும் இடம். மதகுக்கு இந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் போடும் இடம். இதை யாரும் உத்தரவு போட்டு ஏற்படுத்தவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

சாலையோரத்து வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. பஸ்களும், வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகிற லாரிகளும் பெருகிவிட்ட காலம். ஒரு நாள் அவர்கள் கூட்டமாகப் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்ற ஒரு அம்மாள் தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

"பஸ்ஸு வர்ற வேகத்துக்குப் பசங்கள இஸ்கூலுக்கு அனுப்பிட்டு வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு கீறோம். அதுல ரோடு பூரா செடி, வைக்கோலு. சைக்கிளு போவ எடம் இல்ல. நீங்க எல்லாம் இன்னாத்துக்கு மெம்பருன்னு உக்காந்துகினு கீறீங்க?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். என் வார்டு.

அந்த வருஷம் பேரூராட்சிக்கு வந்த பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் காணும். தலைவருக்குப் பஸ் நிலையத்தருகே வரிசையாகக் கடைகள் கட்ட ஆசை. வாடகை வரும், ஊர் வளரும் என்பார். தவறான யோசனை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நான் களத்துக்காகப் பேசினேன். களம் வந்தால் சாலை காலியாகும், வீட்டுக்காரர்களின் குறையும் தீரும் என்று விளக்கினேன். நன்றாகவே பேசினேன். பெரும்பாலான உறுப்பினர்கள் என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் என்று ஆயிற்று.

அந்த இடைவெளியில்தான் என் உளுந்து அறுவடைக்கு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு நல்ல களம் இருந்தது. அது அப்போது காலியாகத்தான் கிடந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்புதலுக்கே அர்த்தமில்லை. களத்தில் போட்டால் அடிக்கப் பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். சாலையில் போட்டால் பஸ் மிதிக்கும். அதிலும் வளைவில் போட்டால் வண்டிகள் மெதுவாகத் திரும்பும், சக்கரம் அழுத்திப் புரண்டு போகும், காய் நன்றாக வெடிக்கும். சாலையில் செடி போடக் கூடாது என்று கூட்டத்தில் பேசியவன் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, வளைவில் கொண்டுபோய்ப் பரப்பு என்றேன்.

காலையில் நானே மதகு வரை போனேன். காலனியைச் சேர்ந்த ஒரு பெண்மணி தன் உளுந்தை அங்கே பரப்பிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. ஒரு பசு வைத்திருந்தார், கொஞ்சம் ஒப்படை நிலம், மற்ற நாட்களில் என் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவார். எங்கள் பக்கத்தில் கூலிக்கு வருகிறவர்கள் நிலக்காரரை 'ஆண்டே' என்று அழைப்பார்கள். அவரும் என்னை அப்படித்தான் அழைத்தார். அது எனக்கு அன்று வரை உறுத்தியதே இல்லை.

"கொஞ்சம் வாரிக்கம்மா. இன்னிக்கு என்னுது போடறேன்" என்றேன்.

"ஆண்டே, இன்னும் ஒரு நாளு காஞ்சாத்தான் இது ஆவும். உங்களுக்குக் களம் கீதே?"

"நாளைக்குப் போட்டுக்கயேன். ஓடியா போவுது ரோடு?"

அவர் பாதி காய்ந்திருந்ததை வாரிக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னாலேயே என் வண்டி வந்து நின்றது.

வெயில் தாழும் நேரம் கடையில் இருந்தேன். யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். பால்காரர் மாடு வைத்திருக்கும் வீடுகளில் பால் எடுத்து, இரண்டு பக்கமும் கேன் கட்டிய சைக்கிளில் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடிக்க, ஒதுங்கிச் செடி மேல் ஏற்றியிருக்கிறார். கொடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, அடியில் உதிர்ந்து கிடந்த மணிகளில் சக்கரம் வழுக்கிவிட்டது. கேன் காலின் மேல் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. லாரி எப்படியோ ஒடித்துத் திருப்பிப் புளியமரத்துப் பக்கம் நின்றுவிட்டது. சாலையெல்லாம் பால். அதில் கறுப்புக் கறுப்பாக என் உளுந்து.

நான்தான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"யாருதுய்யா இந்தச் செடி?"

"இன்னா கேள்வி கேக்கற? மதகுக்கு அந்தாண்ட வேற எவன் போடுவான்? காலனிக்காரன்தான்."

"இவனுங்களோட பெரிய பேஜாரு."

ஆளாளுக்குக் காலால் செடியை உதைத்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். என் மடியில் ஒருவர் வலியால் துடித்துக்கொண்டிருந்தார். எலும்பைச் சேர்த்துக் கட்ட அவரைப் புத்தூர் கட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் மும்முரமாக இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு வண்டிக்காரன் வந்து, "பள்ளத்துல கெடக்கறத வாரிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டான். வாரினால் அது என்னுடையது என்று ஆகிவிடும்.

"வேணாம். வுட்டுடு" என்றேன்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு மாட்டை அவிழ்க்கப் போனான்.

கூட்டம் நடக்க இன்னும் நாள் இருந்தது. அந்த நாட்களில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. கடையில் உட்கார்ந்தால் வயலுக்குப் போக வேண்டும் போலிருக்கும், வயலுக்குக் கிளம்பினால் வளைவு வழியாகப் போக வேண்டுமே என்று பாதியில் திரும்பிவிடுவேன். நடுவில் ஒரு கோடை மழை வேறு பெய்தது. பள்ளத்தில் கிடந்த உளுந்து முளைத்துவிட்டது. சாலை ஓரமாக, நான் ஆள் வைத்து விதைத்த மாதிரி, பச்சைப் பசேல் என்று வரிசையாக நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் அதில் என் முகம் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

கூட்டத்தன்று காலனியிலிருந்து சிலர் வந்து வாசலில் நின்றார்கள். அந்தப் பெண்மணியும் வந்திருந்தார்.

தலைவர் ஆரம்பித்தார். "பால்காரன் கால ஒடிச்சிட்டாங்க. இவங்களுக்குக் களம் வேற கட்டித் தரணுமாம்."

தையல் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், எதிலும் வேடிக்கை பேசுபவர். "கட்டினா இன்னா தலைவரே, அதுல பசங்க கபடி ஆடுவாங்க. உளுந்து எப்பவும் போல ரோட்டுலயே காயும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன்.

வாசலிலிருந்து அந்தப் பெண்மணி சொன்னார். "அது எங்க உளுந்து இல்லீங்க. எங்களுத அன்னிக்குக் காலையிலியே வாரிட்டோம்."

"அப்போ யாருது? வானத்துலருந்து வுழுந்துச்சா?"

அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மெம்பரு ஐயாவக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே சொல்லிவிடுவேன் என்று நினைத்து எனக்கு இடம் விட்டார். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.  படித்தவனுக்கு வருகிற புத்தி அந்த நேரத்தில் வந்தது.

"மதகுக்கு அந்தப் பக்கம் காலனிக்காரங்க போடற இடம். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். மற்றவர்களும் போனார்கள். கடை கட்டுவதென்று தீர்மானம் ஆயிற்று. சாலையில் காயவைக்கும் தானியத்தைப் பேரூராட்சி ஆட்கள் வாரிப் பறிமுதல் செய்யலாம் என்று இன்னொரு தீர்மானம். இரண்டுக்கும் நான் கை தூக்கினேன்.

அதன்பிறகு வளைவில் யாரும் எதையும் போட முடியவில்லை. ஊர்க்காரர்கள் மதகுக்கு இந்தப் பக்கம் போட்டதைப் பேரூராட்சி ஆட்கள் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பக்கம் போட்டதை மட்டும் வாரினார்கள். காலனிக்காரர்கள் ஏரிக்கரை மேட்டில் கொண்டுபோய்ப் பரப்பி, மழையில் நனையவிட்டு, முளைத்ததைக் கோழிக்குப் போட்டார்கள். பால்காரர் சில மாதங்களில் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்து, பிறகு மொபெட் ஒன்று வாங்கிப் பால் எடுக்கத் தொடங்கினார். ஆனால் காலனியில் ஒரு வீட்டிலும் எடுக்கவில்லை. அந்தப் பெண்மணி என் வயலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எதிரே பார்த்தால் விலகிப் போவார்.

கடைகள் திறந்த நாளில் எல்லா உறுப்பினர்களுக்கும் மாலை போட்டார்கள். எனக்குக் கழுத்து அரித்தது. இப்படியே வயதாகிச் செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பலர் அப்படித்தான் போகிறார்கள். பால்காரர் விடவில்லை. ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து தூக்குப்பாத்திரம் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"சீம்பாலு. வூட்டுல மாடு கன்னு போட்டுச்சி. மொதல்ல உனுக்குதான் எடுத்தாந்தேன் நைனா. அன்னிக்கு நீ தூக்கலன்னா இன்னொரு வண்டி வந்து ஏறியிருக்கும்."

வீட்டில் அதைக் கட்டியாக வேகவைத்து வெல்லம் போட்டுத் தட்டில் வைத்தார்கள். எனக்குச் சீம்பால் என்றால் உயிர். ஒரு வில்லை எடுத்து வாயருகே கொண்டுபோனேன், முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் காலனிக்கு நடந்தேன்.

அந்தப் பெண்மணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு என்றேன். என் களம் காலியாகத்தான் கிடக்கிறது, இனி உங்கள் ஆட்கள் எல்லோரும் அங்கேயே காயவைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பெரிதாகக் கொடுத்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "உங்க களத்துல காய வெச்சா, நாளைக்கு நீங்க கூலிக்குக் கூப்டா வரமாட்டேன்னு சொல்ல முடியுமா? எங்களுக்குன்னு ஒண்ணு கேட்டோம். அது உங்க கையில இருந்துச்சி, நீங்க குடுக்கல. இப்போ உங்க வூட்டுத தரேன்றீங்க."

"கூட்டத்துல எழுந்து சொல்லிடறேன்."

"சொல்லுங்க. யாரு வேணான்னது?" என்று மறுபடி விறகைப் பிளந்தார்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். காலனிப் பையன்கள் சிலர் வாசலில் இருந்தார்கள். அது என் உளுந்து, களத் தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். தையல் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"உளுந்து வெல ஏறிப்போச்சின்னு இப்போ வந்து உரிமை கொண்டாடறியா மெம்பரே?"

தலைவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். "யோவ், படிச்சவன்தான நீ? அவனுங்க முன்னாடி ஏன்யா ஒளறுன? கடை கட்டியாச்சு. அத இடிச்சிட்டுக் களம் போடவா? ஆளுங்ககிட்ட கெடுபிடி வேணாம்னு சொல்லிடறேன். அவ்ளோதான் ஆவும்."

அவருக்கு நான் பொய் சொன்னதில் வருத்தமில்லை, உண்மையைச் சொன்ன இடத்தில்தான் வருத்தம்.

பால்காரரைச் சொசைட்டி வாசலில் பிடித்தேன். அது என் உளுந்து என்று நான் சொன்னதை மொபெட் எஞ்சினை அணைக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு எஞ்சினை அணைத்தார்.

"சீம்பாலு சாப்ட்டியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு."

அதற்குமேல் அவர் என்னிடம் பேசியதே இல்லை. மறுநாள் காலையில் கேனோடு காலனிக்குப் போய் நின்றாராம். மற்ற வீடுகளில் பால் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியின் பசுவுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. பால் விற்க வழியில்லாமல் அவர் அதைச் சந்தையில் கொடுத்துவிட்டிருந்தார்.

கெடுபிடி நின்றதும் அடுத்த அறுவடைக்கு வளைவில் மறுபடி செடி பரவியது. சாலையோரத்து அம்மாள் என் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க பண்ண பாவத்துக்கு எங்க பசங்க கால ஒடச்சிக்கணுமா? ஒண்ணு களம் கட்டுங்க, இல்ல ரோட்ட காலி பண்ணுங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் கையில் இரண்டுமே இல்லை. ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு போய் வளைவில் நின்றேன். வண்டி வருவது தெரிந்தால் துண்டை ஆட்டி மெதுவாகப் போகச் சொல்வேன், சைக்கிள்காரர்களை ஓரமாக அனுப்புவேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நகரவே மாட்டேன். பஸ் டிரைவர்களுக்கு நான் பெரிய வேடிக்கை. "இன்னா மெம்பரே, ரயிலு வருதா?" என்று தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு மானம் போயிற்று. எனக்கு அங்கே நிற்கும்போது மட்டும்தான் கால் ஓர் இடத்தில் நின்றது. காலனிப் பெண்கள் செடியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், என்னோடு ஒருவரும் பேச மாட்டார்கள். போகச் சொல்லவும் இல்லை. சில அறுவடைகள் அப்படிக் கழிந்தன.

எங்கள் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். காலனிப் பையன்கள் காஞ்சிபுரத்துக்கு நடையாய் நடந்து மனு மேல் மனுவாகக் கொடுத்துக் களத்தை வாங்கிவிட்டார்கள். மதகுக்குப் பின்னால், நாங்கள் திட்டமிட்டதைவிடச் சிறியதாக, ஆனால் நல்ல சிமெண்டில் அமைந்தது. நான் ஒரு கையெழுத்துக்கூடப் போடவில்லை, யாரும் கேட்கவில்லை. திறந்தது எப்போது என்றும் எனக்குத் தெரியாது.

அந்த வருஷத்து உளுந்துக் காலத்தில் பழக்கத்தில் துண்டோடு கிளம்பிவிட்டேன். வளைவு வெறுமையாக இருந்தது. வெறும் தார் வெயிலில் பளபளத்தது. பஸ் ஒன்று வேகமாக வந்து, ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. மதகுக்குப் பின்னாலிருந்து தடியால் அடிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் நடந்தேன்.

களம் நிறையச் செடி. அந்தப் பெண்மணி குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார், முடி பாதி நரைத்திருந்தது. நான் ஓரத்தில் போய் நின்றேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் சிவப்புத் துண்டு வேறு.

அவர் நிமிரவில்லை. அன்று விறகு பிளந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"தள்ளி நில்லுங்க மெம்பரே. உளுந்து மேல நெழலு வுழுது."

நகர்ந்து நின்றேன்.